ஜெபம் பண்ணியும் குண்டு விழுதே, அண்ணாச்சி?

நாசரேத் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பதன் சுருக்கம் இது: “எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் 2022லிருந்தே உக்ரைன் நகரங்களுக்காக ஜெபிக்கிறோம். எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் கார்கிவில் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தான். சண்டை தொடங்கியதும் பத்திரமாக வந்து சேர்ந்தான், ஆலயத்தில் சாட்சியும் சொன்னான். ஆனால் அதற்குப் பிறகும் அந்த ஊரில் குண்டு விழுந்துகொண்டே இருந்தது. ஒரு அக்கா காசாவுக்காகவும் ஜெபிக்கலாமே என்றார். பெரியவர்கள் இரண்டு பேர் கூடவே கூடாது என்றார்கள். இதற்கிடையில் ஞாயிறு பள்ளிப் பிள்ளை ஒன்று, ‘நாம ஜெபம் பண்ணியும் குண்டு விழுதே, ஏன்?’ என்று கேட்டுவிட்டது. என்ன சொல்வது, அண்ணாச்சி? எப்படித்தான் ஜெபிப்பது?”

தம்பி, முதலில் அந்தப் பிள்ளையின் கேள்வி. அதற்கு என்னிடம் பதில் கிடையாது. பதில் இருக்கிறது என்று யாராவது மைக்கைப் பிடித்தால் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். யோபுவுக்கே கிடைக்காத பதில் அது. “எனக்கும் தெரியலை மக்களே, எனக்கும் துக்கமாத்தான் இருக்கு, வா சேர்ந்தே கேப்போம்” என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். பிள்ளைகள் அதைத் தாங்கிக்கொள்வார்கள். சமாளித்துச் சொல்லும் பதிலைத்தான் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

எப்படி ஜெபிப்பது என்பதில் எனக்கு உறுதியான அபிப்பிராயம் உண்டு. நாம் இங்கே மின்விசிறிக்குக் கீழே பாய் விரித்து ஜெபிக்கிறோம். அந்த ஜெபம், நிலவறைக்குள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருத்தி காதில் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளால் அதற்கு ஆமென் சொல்ல முடிய வேண்டும். அவளால் முடியாது என்றால் அது அந்த ஊருக்கான ஜெபமே இல்லை, நம் திருப்திக்கு நாம் பேசிக்கொள்வது. இந்த ஒரு சோதனையை வைத்தால் நாம் வழக்கமாகப் பண்ணுகிற ஜெபங்களில் பாதி தேறாது.

இதை எனக்குப் புரியவைத்தவர் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா. தொண்ணூறுகளில் படகேறி வந்து, முகாமில் இருந்து, பிறகு மகனோடு எங்கள் தெருவில் குடியிருந்தவர். பங்கர் என்றால் என்ன என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வீட்டு வளவுக்குள் ஆள் உயரத்துக்குக் குழி. மேலே பனங்குற்றிகளை அடுக்கி, அதன்மேல் மண்மூட்டை. (நம் தேரிக்காட்டைப் போலவே அங்கேயும் எல்லாவற்றுக்கும் பனைதான்.) இறங்குகிற வழியை நேராக வெட்டாமல் வளைத்து வெட்டுவார்களாம், சிதறல் நேரே உள்ளே பாய்ந்துவிடாதபடி. மழைக்காலத்தில் உள்ளே முழங்கால் தண்ணீர், தவளை, சில நாள் பாம்பு. இவர்கள் கத்தோலிக்கக் குடும்பம், பக்கத்து வீட்டார் சைவம், இரண்டு வீட்டுக்கும் ஒரே பங்கர். ஒரு மூலையில் செபமாலை ஓடும், இன்னொரு மூலையில் கந்தர் சஷ்டி கவசம். பொம்பர் விமானச் சத்தம் தலைக்கு நேரே வந்ததும் இரண்டும் நின்றுவிடும்.

“அப்போ என்னம்மா கேப்பீங்க?” என்று நான் கேட்டேன். அவர் சொன்னார்: “எங்கட வளவில விழக்கூடாது எண்டு கேட்டா, பக்கத்து வளவில விழட்டும் எண்டு கேட்ட மாதிரியெல்லோ தம்பி? அதால, விழுறது வெடியாமப் போகட்டும் எண்டுதான் கேட்டனாங்கள்.”

வேதபாட வகுப்பில் எத்தனையோ பேர் ஜெபத்தைப் பற்றிப் பேசிக் கேட்டிருக்கிறேன். இதற்குப் பக்கத்தில் வருகிற எதையும் கேட்டதில்லை.

அந்த அம்மா நவாலி என்ற ஊர்ப் பெயரைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிடும். 1995 ஜூலை 9. சண்டை நெருங்கி வந்ததால் ஜனங்கள் வீடுகளை விட்டு நவாலி பேதுரு பவுல் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்தார்கள். இலங்கை விமானப்படையின் குண்டுகள் அங்கேதான் விழுந்தன. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கோயிலுக்குள் இருந்தால் ஒன்றும் ஆகாது என்று இதற்கப்புறம் எந்த வாயால் சொல்வது? நம் பக்கம் 91ஆம் சங்கீதத்தைச் சட்டம் போட்டு வாசலில் மாட்டாத கிறிஸ்தவ வீடு அபூர்வம். என் வீட்டிலும் மாட்டியிருக்கிறது. ஆனால் வனாந்தரத்தில் இயேசுவைச் சோதிக்க வந்தவன் எடுத்துக் காட்டிய வசனமும் அதே சங்கீதத்திலிருந்துதான் என்பதை மத்தேயு 4இல் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். “குதி, ஒன்றும் ஆகாது” என்பதுதான் அவன் பேச்சு.

“எங்கள் மேல் வேண்டாம்” என்பது எங்கே போய் முடியும் என்பதற்கு ஜப்பானில் ஒரு உதாரணம் இருக்கிறது. 1945 ஆகஸ்ட் 9 காலையில் இரண்டாவது அணுகுண்டோடு கிளம்பிய விமானத்துக்குக் குறித்துக் கொடுத்த ஊர் கோகுரா. அங்கே பெரிய ஆயுதக் கிடங்கு இருந்தது. மேகமும் புகையும் மறைத்ததால் குறி தெரியவில்லை. மூன்று முறை சுற்றிப் பார்த்துவிட்டு விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. குண்டு வெடித்த இடத்திலிருந்து ஏறக்குறைய ஐந்நூறு மீட்டரில் உராகாமி கத்தோலிக்கப் பேராலயம். மாதாவின் விண்ணேற்புத் திருநாள் நெருங்கியிருந்ததால் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆட்கள் வந்திருந்தார்கள். உள்ளே இருந்த குருமாரும் ஜனங்களும் யாரும் மிஞ்சவில்லை. அந்தப் பங்கின் பன்னிரண்டாயிரம் கத்தோலிக்கரில் எட்டாயிரத்துக்கும் மேல் செத்தார்கள் என்பது கணக்கு. அன்று கோகுராவில் யாராவது ஒரு தாய், “இன்றைக்கு எங்கள் ஊர் மேல் ஒன்றும் வரக்கூடாது” என்று கும்பிட்டிருந்தால், அவளுடைய வேண்டுதல் கேட்கப்பட்டது என்று சொல்வோமா? நாகசாகியில் முழங்காலில் இருந்தவர்களிடம் அதைப் போய்ச் சொல்ல முடியுமா?

இதனால் உங்கள் ஊர்ப் பையன் சாட்சி சொன்னது தப்பு என்று நான் சொல்லவரவில்லை. உயிரோடு வந்தவன் ஸ்தோத்திரம் சொல்லாமல் வேறு யார் சொல்வது? கார்கிவ் ரஷ்ய எல்லைக்கு அருகில் இருக்கிற ஊர். 2022 பிப்ரவரி 24 அன்று தொடங்கி மெட்ரோ ஸ்டேஷன்களின் நடைமேடையிலும் ஹாஸ்டல் நிலவறையிலும் பிள்ளைகள் நாள் கணக்கில் கிடந்தார்கள். மார்ச் 1ஆம் தேதி சாப்பாட்டுச் சாமான் வாங்க வெளியே போன கர்நாடக மாணவர் ஒருவர் ஷெல்லடியில் இறந்தார். அடுத்த நாள், வண்டி கிடைக்காவிட்டால் நடந்தாவது சாயங்காலத்துக்குள் ஊரை விட்டு வெளியேறுங்கள் என்று நம் தூதரகம் சொல்லியது. பனியில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடந்து பக்கத்து ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்த பிள்ளைகளில் நம் பையனும் இருந்திருப்பான். அவன் அழுதுகொண்டே நன்றி சொன்னால் கூட நின்று நாமும் நன்றி சொல்ல வேண்டியதுதான்.

ஆனால் அந்தக் கர்நாடக மாணவரின் வீட்டிலும் சாமி கும்பிட்டிருப்பார்கள். அதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். சாட்சி சொல்கிறவன் கடைசியில் “என்னோடு இருந்தவர்களில் சிலர் வரவில்லை, ஏன் நான் மட்டும் என்று எனக்குத் தெரியவில்லை” என்று ஒரு வரி சேர்த்தால் அந்தச் சாட்சியின் பலம் குறைந்துவிடாது. சபையார் கைதட்டுகிற சத்தம் வேண்டுமானால் கொஞ்சம் குறையும்.

அடுத்தது, எனக்கு நிஜமாகவே கோபம் வருகிற இடம். எங்காவது ஒரு ஊர் பற்றி எரியத் தொடங்கியதும் நம் பக்கத்து கன்வென்ஷன் மேடைகளில் உலக வரைபடத்தை விரித்து, குச்சியால் தொட்டுத் தொட்டு, இது வெளிப்படுத்தின விசேஷத்தின் இந்த அதிகாரம், அது அந்த முத்திரை என்று பாடம் நடக்கும். முடிவில், வசனம் நிறைவேறுகிறதற்காக எல்லாரும் எழுந்து நின்று துதி. நிலவறையில் இருக்கிறவள் இதற்கு ஆமென் சொல்வாளா? தன் பிள்ளை செத்தது ஒரு அட்டவணையில் டிக் அடித்த மாதிரி என்று கேட்டால் அவள் நம்மைக் காறித் துப்புவாள், அதுவும் நியாயம்தான். யுத்தங்களைப் பற்றிச் சொன்ன அதே இயேசுதான் சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததையும் எடுத்துப் பேசினார். செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று அவரே கேட்டு, இல்லை என்று அவரே சொல்லிவிட்டார். அதற்கு மேல் காரணம் விளக்கவில்லை. பேச்சைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பக்கமே கொண்டுவந்துவிட்டார். நினிவேயைப் பற்றி யோனாவுக்கு ஆண்டவர் சொன்ன கடைசி வார்த்தையையும் பாருங்கள்: வலது கை இடது கை தெரியாத லட்சத்து இருபதாயிரம் பேருக்கும் மேல் அந்த ஊரில் இருக்கிறார்களே, மிருகஜீவன்களும் இருக்கிறதே என்கிறார். ஆடுமாடு வரைக்கும் கணக்கில் வந்திருக்கிறது. முத்திரைக் கணக்கு அங்கே இல்லை.

விளக்கம் சொல்லும் உரிமை யாருக்காவது உண்டென்றால் அது அங்கே அடிபட்டவர்களுக்கு மட்டும்தான். நாகசாகியில் தகாஷி நாகாய் என்ற மருத்துவர், மனைவியைக் குண்டுக்குப் பறிகொடுத்தவர், அந்த வருஷம் நவம்பர் 23ஆம் தேதி பேராலய இடிபாட்டுப் பக்கத்தில் நடந்த பலிபூசையில், இந்த ஜனங்கள் சர்வாங்க தகனபலியாக ஒப்புக்கொடுக்கப்பட்டார்கள் என்று பேசினார். சிலருக்கு அது ஆறுதல், சிலருக்கு ஆத்திரம். அது சரியா தப்பா என்ற வாதம் பிறகு ஓயவே இல்லை. மனைவியின் எலும்பைத் தன் கையால் பொறுக்கி எடுத்தவர் அதைச் சொல்லலாம். ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிற நாம் அதையே சொல்லக்கூடாது.

அப்புறம் ஜெயத்துக்கான ஜெபம். ஒரு பக்கம் ஜெயிக்கட்டும் என்று ஜெபிப்பது மனுஷ இயல்பு, அதை ஒரேயடியாகக் குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். அடிக்கிறவன் யார், அடிபடுகிறவன் யார் என்று பார்க்காமல் இருப்பதும் ஒரு சோம்பேறித்தனம்தான். ஆனால் ஜெபம் என்ற பெயரில் அது என்னவெல்லாம் ஆகும் என்று தெரிந்துகொள்ளுங்கள். ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபை 2022இல் ஆராதனையில் சொல்ல ஒரு ஜெபத்தைக் கட்டாயமாக்கியது, அதில் வெற்றியை அருளும் என்று ஒரு இடம் வரும். மாஸ்கோவில் யோவான் கோவல் என்ற குருவானவர் அந்த இடத்தில் வெற்றிக்குப் பதில் சமாதானம் என்று சொன்னார். 2023இல் அவருடைய குருப்பட்டத்தையே பறித்தார்கள். பிறகு கான்ஸ்டான்டிநோபிள் பேட்ரியார்க் அதைத் திருப்பிக் கொடுத்தார். இன்னும் பழைய கதை ஒன்று: ஹிரோஷிமாவுக்குக் குண்டு கொண்டுபோன விமானம் கிளம்புமுன், தினியன் தீவில் ராணுவப் போதகர் ஒருவர் அந்த விமானிகளுக்காக ஜெபம் பண்ணி அனுப்பினார். அந்தத் தளத்திலிருந்த கத்தோலிக்க குருவான ஜார்ஜ் ஸபெல்கா, பொதுஜனங்களைக் கொல்வது பாவம் என்று தான் ஒரு பிரசங்கம்கூடச் செய்யவில்லையே என்று பின்னாளில் பகிரங்கமாகச் சொல்லி, ஜப்பானுக்கே போய் மன்னிப்புக் கேட்டார்.

இதெல்லாம் வெளியூர்க் கதை என்று நினைக்க வேண்டாம். நம் சீமையிலேயே பீரங்கி முழங்கிய ஊர் உண்டு. பாளையங்கோட்டையின் முதல் ஆலயம் 1785இல் கிளாரிந்தா அம்மாள் முயற்சியில் எழுந்தது, கம்பெனிப் படை தங்கியிருந்த கோட்டை ஊரில். 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை தப்பித்துப் போனது அதே பாளையங்கோட்டைச் சிறையிலிருந்துதான். திரும்பக் கட்டிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை முன்னால் மார்ச் மாதம் கம்பெனிப் படை தோற்று நின்று, பெரிய பீரங்கிகள் வரும்வரை காத்திருந்து, மே 24ஆம் தேதி கோட்டையைப் பிடித்துத் தரைமட்டமாக்கியது. உள்ளே இருந்தவர்கள் ஜக்கம்மாவையும் திருச்செந்தூர் முருகனையும் நம்பி நின்றவர்கள். அங்கே செத்த வெள்ளைக்காரர்களின் கல்லறைகள் இன்றும் பாஞ்சாலங்குறிச்சியில் இருக்கின்றன, போய்ப் பார்க்கலாம். சபைச் சரித்திரம் பேசும்போது 1799இல் முதலூர் என்ற கிறிஸ்தவக் கிராமம் உண்டானதைச் சொல்லுவோம். அதே வருஷம் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டதை வேறு புத்தகத்தில் வைத்துக்கொள்வோம். குண்டு போட்டவன் வேதத்தைக் கையில் வைத்திருந்தான் என்பதற்காக அவன் பக்கம் நின்று பழகிய சபை நம் சபை, அதை மறந்துவிடக் கூடாது.

1987 அக்டோபரை நினைத்தால் இன்னும் உறுத்தும். அப்போது யாழ்ப்பாணத்துக்குள் சண்டை போட்டுக்கொண்டு நுழைந்தது நம் இந்தியப் படை. இங்கே ஜவான்களின் பாதுகாப்புக்காக ஜெபம் நடந்தது, நடந்ததும் சரிதான். நம் பக்கத்துப் பிள்ளைகள் பட்டாளத்தில் இருந்தார்கள். அதே நாட்களில் நல்லூர்க் கந்தசாமி கோயிலில் ஆயிரக்கணக்கானவர்கள் அடைக்கலமாகக் கிடந்தார்கள். தீபாவளியன்று யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளும் டாக்டர்களும் நர்சுகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த ஊருக்காக, ஊர்ப் பெயரைச் சொல்லி, நான் போன ஆலயங்களில் யாரும் ஜெபித்துக் கேட்டதில்லை. ஜவான்களோடு சேர்த்து இன்னும் ஒரு வாக்கியம், அவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கும்.

சரி, காசா. உங்கள் பெரியவர்கள் கூடாது என்பதற்கு 122ஆம் சங்கீதத்தைக் காட்டியிருப்பார்கள், எருசலேமின் சமாதானத்துக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்ற வசனத்தை. நல்ல வசனம், தாராளமாக வேண்டிக்கொள்ளட்டும். எரேமியா 29ஐயும் கூட வாசிக்கச் சொல்லுங்கள். எருசலேமை முற்றுகை போட்டு, ஜனங்களைச் சிறைபிடித்துப் போன பாபிலோன் பட்டணத்தின் சமாதானத்துக்காகக் கர்த்தரிடம் விண்ணப்பம் பண்ணுங்கள் என்று அந்தக் கைதிகளுக்கே கடிதம் போகிறது. சத்துரு பட்டணத்துக்காக ஜெபிப்பது நாம் புதிதாகக் கண்டுபிடித்த தாராள மனசு ஒன்றும் இல்லை, வேதத்தில் உள்ள கட்டளை.

இன்னொன்றையும் சொல்லுங்கள், இது அவர்களுக்குத் தெரிந்திருக்காது. ரேனியஸ் ஐயரை 1820இல் பாளையங்கோட்டைக்கு அனுப்பியது சர்ச் மிஷனரி சங்கம். 1826இல் ஊசிக்கோபுர ஆலயம் எழுந்தது அந்த வேலையில்தான். அதே சங்கம் 1882இல் காசாவில் ஆரம்பித்ததுதான் அல் அஹ்லி ஆஸ்பத்திரி. இப்போது எருசலேம் ஆங்கிலிக்கன் திருமண்டலம் அதை நடத்துகிறது. 2023 அக்டோபர் 17 இரவு அந்த ஆஸ்பத்திரி முற்றத்தில் வெடித்தது யாருடைய ஆயுதம் என்பதில் வாதம் உண்டு. முற்றத்தில் படுத்திருந்த வீடிழந்த ஜனங்கள் செத்தார்கள் என்பதில் வாதம் இல்லை. இரண்டு நாள் கழித்துப் பக்கத்திலேயே புனித பொர்ஃபீரியஸ் ஆலய வளாகத்தில் இஸ்ரேலியக் குண்டு விழுந்து அடைக்கலம் புகுந்தவர்கள் இறந்தார்கள். 2025 குருத்தோலை ஞாயிறு அதிகாலையில் அல் அஹ்லி மறுபடி தாக்கப்பட்டது. நாம் குருத்தோலை பிடித்துக்கொண்டு ஓசன்னா பாடிப் பவனி போன அன்றைக்கு. நம் தாய்ச் சங்கம் பெற்ற இன்னொரு பிள்ளை அது. ஒரு வகையில் நம் உடன்பிறப்பு ஆஸ்பத்திரி என்று சொல்லிப் பாருங்கள், பெரியவர்கள் முகம் கொஞ்சம் மாறும்.

அந்த அக்காவிடமும் ஒன்று சொல்லுங்கள். காசாவிலிருந்து ராக்கெட் வரும்போது இஸ்ரேலின் அஷ்கெலோனில் சைரன் கேட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற தாயும் நிலவறைக்காரிதான். 2021 மே மாதம் அங்கே ராக்கெட் விழுந்து இறந்தவர்களில் கேரளத்திலிருந்து வீட்டுப் பராமரிப்பு வேலைக்குப் போயிருந்த ஒரு பெண்ணும் உண்டு. 2023 அக்டோபர் 7 அன்று ஒரே நாளில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். காசாவில் அதற்குப் பிறகு செத்தவர்கள் பல்லாயிரம். இரண்டையும் சமமாக்கித் தராசில் வைக்கச் சொல்லவில்லை. எண்ணிக்கை சமம் இல்லை, பலமும் சமம் இல்லை. ஜெபத்தில் ஒரு தாயைச் சேர்ப்பதற்காக இன்னொரு தாயை இறக்கிவிட வேண்டியதில்லை என்கிறேன், அவ்வளவே.

தூரத்திலிருந்து ஜெபிப்பதில் என்ன பிரயோஜனம் என்றும் நீங்கள் கேட்காமல் கேட்டிருக்கிறீர்கள். போப் பிரான்சிஸ் செய்ததைப் பாருங்கள். காசாவில் இருக்கும் ஒரே கத்தோலிக்கப் பங்கான திருக்குடும்ப ஆலயத்துக்கு, சண்டை தொடங்கிய நாட்களிலிருந்து சாயங்காலம் தவறாமல் போன் போடுவார். ஆஸ்பத்திரியில் நிமோனியாவோடு கிடந்தபோதும் முடிந்தவரை பேசினார். பேச்சு ஒன்றும் பெரிய தத்துவம் இல்லை. என்ன சாப்பிட்டீர்கள், பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள், அவ்வளவுதான். 2025 ஏப்ரல் 21இல் அவர் இறப்பதற்கு இரண்டு நாள் முன்புவரை அந்த அழைப்பு வந்தது. குண்டு நிற்கவில்லை. ஆனால் அந்த நேரம் ஆனதும் போன் அடிக்கும் என்று உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியும். நம் ஜெபத்திலும் அந்த “என்ன சாப்பிட்டீர்கள்” இருக்கிறதா என்று பாருங்கள். பொத்தாம் பொதுவாக “உலக சமாதானத்துக்காக” என்று சொல்லிவிட்டு அடுத்த ஜெபக் குறிப்புக்குப் போவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்த வாரம் எந்த ஊரில் என்ன நடந்தது, தண்ணீர் இருக்கிறதா, கரண்ட் இருக்கிறதா, உக்ரைனில் என்றால் பனிக்காலத்தில் வீடு சூடாகிறதா என்று ஒருவர் படித்துவிட்டு வந்து இரண்டு நிமிஷம் சொல்ல வேண்டும். பிறகு ஜெபம். தயார் பண்ணாமல் வந்தால் பழக்கமான வார்த்தைகள்தான் வாயில் வரும்.

வார்த்தை கிடைக்கவில்லை என்றால் புலம்பல் புத்தகம் இருக்கிறது. நாம் லெந்து நாட்களில்கூட அதிகம் திறப்பதில்லை. முற்றுகைக்குப் பிறகு இடிந்து கிடந்த எருசலேமில் எழுந்த பாட்டு. தெருமுனையில் பசியால் மயங்கி விழும் குழந்தைகளைப் பற்றிய வரிகள் அதில் உண்டு. தங்கள் பாவம் என்ற ஒப்புக்கொள்ளுதலும் உண்டு, இவ்வளவும் நியாயமா என்று கடவுளிடம் முறையிடுவதும் உண்டு. ஐந்து அதிகாரமும் முடிந்த பிறகும் பதில் வரவில்லை, கேள்வியோடுதான் நிற்கிறது. அதை அப்படியே சத்தமாக வாசித்துவிட்டு ஐந்து நிமிஷம் சும்மா இருங்கள். கீபோர்டு வாசிக்கிற தம்பியிடம் அந்த நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பின்னணி இசை போட்டுவிடுவான். மேலப்பாளையத்திலோ காயல்பட்டினத்திலோ பழக்கமானவர்கள் இருந்தால் குனூத் நாஸிலா பற்றிக் கேட்டுப் பாருங்கள். பெரிய துன்பம் வந்த காலத்தில் தொழுகைக்கு நடுவே நின்றபடி கையேந்திக் கேட்பது அது. நபிகள் ஒரு மாதம் தொடர்ந்து அப்படிக் கேட்டதாக ஹதீஸ் சொல்கிறது. கேட்டது உடனே நடக்கவில்லை என்று இரண்டாம் நாள் விட்டுவிடவில்லை.

வெள்ளிக்கிழமை என்றதும் கவென்ட்ரிதான் எனக்கு ஞாபகம் வருகிறது. 1940 நவம்பர் 14 இரவு ஜெர்மன் விமானங்கள் அந்த இங்கிலாந்து ஊரின் பேராலயத்தைக் கூரையில்லாமல் ஆக்கின. அதன் தலைமைக் குருவான ரிச்சர்ட் ஹோவர்ட் பிறகு அந்த இடிபாட்டுச் சுவரில் வெட்டிவைக்கச் சொன்னது இரண்டே வார்த்தை: பிதாவே, மன்னியும். சிலுவையில் இயேசு சொன்னதில் உள்ள “இவர்களுக்கு” என்பதை அவர் வேண்டுமென்றே விட்டுவிட்டார். அந்த ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் அது பிடித்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் 1945 பிப்ரவரியில் பிரிட்டிஷ், அமெரிக்க விமானங்கள் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரை எரித்துச் சுமார் 25,000 பேரைக் கொன்றபோது, அந்தச் சுவரில் எழுதியிருந்தது தங்களையும் சேர்த்துத்தான் என்று கவென்ட்ரிக்காரர்களுக்குப் புரிந்திருக்க வேண்டும். 1965இல் அங்கிருந்து இளைஞர்கள் டிரெஸ்டனுக்குப் போய், குண்டில் இடிந்த ஒரு கிறிஸ்தவ ஆஸ்பத்திரியைக் கட்டக் கல் சுமந்தார்கள். டிரெஸ்டனின் ஃப்ராவன்கிர்கே ஆலயம் 2005இல் திரும்பத் திறந்தபோது அதன் உச்சியிலிருந்த பொற்சிலுவையைச் செய்த லண்டன் பொற்கொல்லரின் அப்பா, அந்த ஊர்மேல் குண்டு போட்ட விமானிகளில் ஒருவர். கவென்ட்ரி இடிபாட்டில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமை நண்பகலிலும் சமரச மன்றாட்டு வாசிக்கிறார்கள். உங்கள் உபவாச ஜெபம் முடிகிற நேரத்துக்கு அங்கே பொழுது விடிந்துகொண்டிருக்கும்.

கைவேலையும் வேண்டும். 1940 டிசம்பர் 29 இரவு லண்டன் பவுல் பேராலயம் தப்பியதைப் பலர் அற்புதம் என்றார்கள். இருக்கட்டும். கூரைமேல் தண்ணீர் வாளியும் மண்மூட்டையும் கைப்பம்புமாக ஓடி ஓடி எரிகுண்டுகளை அணைத்த தொண்டர் படை ஒன்றும் அன்று அங்கே இருந்தது. கீவுக்கோ காசாவுக்கோ நாம் வாளி தூக்க முடியாது, ஊர்ச் சபையிலிருந்து வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதும் விதிமுறைகளில் லேசான காரியம் இல்லை. ஆனால் குண்டு விழுந்த ஊர்களிலிருந்து வந்தவர்கள் நம் மாவட்டங்களிலேயே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் இருக்கிறார்கள். முப்பது வருஷத்துக்கு மேலாக இருக்கிறவர்களும் உண்டு. அசனத்துக்கு அழைக்கச் சொல்லவில்லை, சோறு போட்டு அனுப்பிவிட்டால் நம் கடமை முடிந்தது என்று நினைத்துக்கொள்வோம். ஒரு வெள்ளிக்கிழமை அவர்களில் பெரியவர் ஒருவரை அழைத்து, ஜெபத்தை நடத்தச் சொல்லுங்கள். நாம் பின்னால் உட்கார்ந்து ஆமென் மட்டும் சொல்வோம்.

இதையெல்லாம் சேகரக் கமிட்டியில் கொண்டுபோய்த் தீர்மானமாக வைக்காதீர்கள். அசனத்துக்குக் கத்தரிக்காய் எத்தனை கிலோ என்பதிலேயே இரண்டு கட்சி ஆகிற கூட்டம் நாம். சபை ஐயரிடம் தனியாகப் பேசி, சரி என்றால் வருகிற வெள்ளிக்கிழமை அந்த அக்காவைக் காசாவுக்காகவும், பெரியவர்களில் ஒருவரை அஷ்கெலோனுக்காகவும், பெயர் சொல்லி ஜெபிக்கச் சொல்லுங்கள். அடுத்த வெள்ளிக்கிழமை இருவரையும் ஊரை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். அக்கா ஒத்துக்கொள்வார் என்றுதான் நினைக்கிறேன். பெரியவர் என்ன சொன்னார் என்று மறக்காமல் எழுதுங்கள்.